வழுக்கை டயர்

சமையல் குறிப்புக்கும் குழந்தை வளர்ப்புக்கும் நடுவில் டயரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! எனக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் பல வருஷம் இருந்தவள்தான். இல்லை, அப்படிச் சொன்னால் பொய். சம்பந்தம் உண்டு. அதை மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில், பொமோனாவுக்குப் பக்கத்தில். நான் பிறந்து வளர்ந்தது சங்ககிரி. லாரிக்குப் பேர்போன ஊர். என் அப்பாவும் ஒரு லாரி வைத்துத் தானே ஓட்டினார்.

என் மகனுக்கு வயது இருபத்து நான்கு. நல்ல வேலை, நல்ல பிள்ளை. ஒரே ஒரு பைத்தியம், பழைய கார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கும் அதே பைத்தியம். இரண்டு பேருமாக அவர் வீட்டுக் கார் ஷெட்டில் 1931-ஆம் வருஷத்து ஃபோர்டு 'மாடல் ஏ' கார் ஒன்றை மூன்று வருஷமாகக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். சனி, ஞாயிறு ஆனால் பிள்ளை சாப்பிடக்கூட வரமாட்டான். நான்தான் இரண்டு பேருக்குமாக எலுமிச்சம்பழச் சாதத்தைத் தூக்கிக்கொண்டு போவேன்.

"இதுக்கு ஹாட் ராட்னு பேரும்மா" என்றான்.

"அதென்ன கண்ணு, காய்ச்சின கம்பியா?" என்றேன். பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லி, இரண்டு பேரும் சிரி சிரியென்று சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். 1930-களில் இந்தத் தெற்குக் கலிஃபோர்னியா வாலிபர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டு, கூரை என்று கனமானதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினுக்கு வேகம் கூட்டி, மியூராக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிகளில் கொண்டுபோய் ஓட்டினார்களாம். 1937-லேயே அதற்கு ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய பையன்களால் இந்த மோகம் இன்னும் முற்றியது. 1950-ல் சான்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதையிலேயே பந்தயம் நடத்தினார்கள். சின்னப் பையனாக, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர் எங்கள் பெரியவர். அந்தக் காரை மறுபடி ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அவருக்கு.

எஞ்சின் ஆயிற்று, பெயின்ட் ஆயிற்று. மிச்சம் டயர் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் சந்தைக்குப் போன பிள்ளை பின்சக்கரத்துக்கென்று இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. நான் குனிந்து பார்த்தேன். அகலமான டயர். ஒரு கோடு இல்லை, ஒரு பட்டன் இல்லை. மொழுமொழுவென்று, மொட்டைத் தலை மாதிரி.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது.

"ஏன் கண்ணு, தேஞ்சு போன டயரைக் காசு குடுத்தா வாங்கிட்டு வந்தே?"

"தேயலைம்மா! செய்யறதே இப்படித்தான். இதுக்கு ஸ்லிக்னு பேரு. பந்தயத்துக்கு உள்ளது."

பொறுமையாக விளக்கினான். டயரில் பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் ரப்பர் தரையைத் தொடாது. பள்ளமே இல்லாவிட்டால் அகலம் முழுவதும் தரையைப் பிடிக்கும். ரப்பரும் மெத்தென்று இருக்கும். புறப்படுமுன் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டால் சூடேறிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த தரையில் இதற்கு ஈடு கிடையாது. ஆரம்பத்தில் இதற்கென்று டயர் கம்பெனிகூட இல்லையாம். பழைய டயரின் மேல் வழுவழுப்பாக ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்துகொள்வார்களாம். 1950-களில்தான் பந்தயத்துக்கென்றே தனி டயர் வந்தது.

ரீட்ரெடிங்! சங்ககிரிக்காரிக்கு அதை விளக்க வேண்டுமா? அந்த வெந்த ரப்பர் நெடி நினைத்தவுடன் மூக்கில் ஏறும்.

டயரின் ஓரத்தைத் தடவிக் காட்டினான். சோமாசிக்கு ஓரம் மடித்து மடித்து அழுத்துவோமே, அச்சாக அதே மாதிரி சுற்றிலும் மடிப்பு. "அந்தக் காலத்து ஸ்லிக்குக்கு இதுதாம்மா அடையாளம். பை பலகாரத்து ஓரம்னு சொல்லுவாங்க." அழகாகத்தான் இருந்தது. நான் இல்லையென்று சொல்லவில்லை.

"எப்போ செஞ்சது?"

"அறுபதுகள்ல இருக்கும். ஒருதரம்கூட ஓடாத டயர்ம்மா. புதுசு!"

நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கட்டை மாதிரி இருந்தது. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. குக்கருக்கு உபரியாக வாங்கி அலமாரியில் போட்டு மறந்துபோன காஸ்கெட் நினைவுக்கு வந்தது. பிரிக்காத உறைதான், ஆனால் எடுத்து வளைத்தால் பட்டென்று கீறல் விடும். ரப்பருக்கு வேலை கொடுத்தால்தான் வயதாகும் என்பதில்லை. சும்மா இருந்தாலும் ஆகும்.

"இதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல போவியா?"

"சனிக்கிழமை கார்க்காரங்க கூடற இடம் வரைக்கும்தான். மழை இல்லாத நாள்ல."

என்னவரிடம் சொன்னேன். "ஏனுங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன் சம்பாதிக்கிறான், அவன் வாங்கறான். மூணு வருஷ ஆசையைக் கெடுக்காதே" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1979, ஐப்பசி மாதம். எனக்கு ஏழு வயது. அந்த ஆவணியில்தான் எனக்குக் காது குத்திச் சீர் செய்தார்கள். பின் டயர் மாற்ற அப்பா சேர்த்து வைத்திருந்த பணம் என் தோட்டுக்கும் விருந்துக்கும் போய்விட்டது. "அடுத்த லோடுல மாத்திக்கலாம்" என்றார். அடுத்த லோடும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. பெங்களூரிலிருந்து சுமையோடு திரும்பும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நல்ல மழை. அப்பா காலொடிந்து வந்தார். கூடப் போன கிளீனர் பையன் வரவில்லை. பதினேழு வயது. எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். எனக்கு டயர் வண்டி உருட்டக் கற்றுக்கொடுத்தவன். அவனுடைய அம்மா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, வையவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்பா அதைப் பற்றி வாழ்நாளில் சொன்னது ஒரே ஒரு வரிதான். "பிரேக்கை மிதிச்சேன்... வண்டி நிக்கலை."

அந்தத் தோட்டை நான் ஒருநாளும் ஆசையாகப் போட்டுக்கொண்டதில்லை. பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னதும் இல்லை. எதற்குச் சொல்லிக் குழந்தை மனசைக் கலக்குவது என்று விட்டுவிட்டேன். விடிகாலை ஐந்து மணிக்கு அவன் காப்பிக்கு வந்தபோது, சமையலறையில் நின்றபடியே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று தடுக்கவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். காப்பி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "வாம்மா, பெரியவர்கிட்ட கேட்போம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

பெரியவர் டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க அண்ணன் பந்தயத்துக்குப் போகும்போது சாதாரண டயர்லதான் காரை ஓட்டிட்டுப் போவான். ஸ்லிக்கைப் பின்னால கட்டிக்கிட்டுப் போய், அங்கே மாட்டுவான். முடிஞ்சதும் கழற்றிடுவான். ஸ்லிக்கோட வீட்டுக்கு வந்தா எங்கம்மா விட்டிருக்க மாட்டாங்க." கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் பார்க்க ஆசையா இருந்தது. அதனால இதை நேத்தே சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

அப்புறம் மூன்று பேருமாக உட்கார்ந்து, புடவைக் கடையில் உட்கார்ந்த மாதிரி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

முழு ஸ்லிக்கைத் தெருவில் ஓட்டச் சட்டமே இடம் தரவில்லை. கலிஃபோர்னியாவில் டயரின் பள்ளம் குறைந்தது ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். தேய்ந்த ரப்பர் செருப்போடு துவைக்கிற கல் பக்கம் போனால் என்ன ஆகும்? அடியில் சிக்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் காலை வாரிவிடும். டயரில் இருக்கும் பள்ளங்கள் அந்தத் தண்ணீருக்கு வாய்க்கால். அதிலும் இந்த ஊரில் மாதக்கணக்காக மழையில்லாமல் ரோட்டில் எண்ணெய் படிந்து கிடக்கும். முதல் மழையில் எல்லாம் மிதந்து, பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி வழுக்கும்.

இரண்டாவது, 'சீட்டர் ஸ்லிக்'. ஸ்லிக்கிலேயே இரண்டு மூன்று கோடு கீறி, தெருவுக்கு ஆகும் என்று விற்பது. 'ஏமாற்றுக்கார டயர்' என்று பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டான் பாருங்கள்! காய்ந்த ரோட்டுக்குச் சரி. தேங்கிய தண்ணீருக்கு அந்த இரண்டு கோடு போதுமா?

மூன்றாவது, அந்தக் காலத்து அச்சிலேயே இப்போது வார்க்கும் 'பயாஸ்' டயர். கட்டிலுக்கு நாடா பின்னுவதுபோல உள்ளே நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும். அசல் பழைய தோற்றம். ஆனால் ரோட்டில் தடம் விழுந்திருந்தால் வண்டி அதன் போக்கிலேயே இழுக்கும். ராத்திரி முழுக்க நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, காலையில் கொஞ்ச தூரம் தடதடவென்று உதறும்.

நான்காவது, வெளியே பழைய டயரின் முகம், உள்ளே இந்தக் காலத்து ரேடியல். முகம் பாட்டியுடையது, எலும்பு பேத்தியுடையது! பள்ளங்கள் நன்றாக இருக்கும், ஈரத்தில் பிடிக்கும். பின்னால் பெரிசு, முன்னால் சிறிசு என்ற ஹாட் ராட் அழகுக்கும் குறைவில்லை. ரேடியலையும் பயாஸையும் கலக்கக் கூடாது என்பதால் நான்குமே அதில்தான் வாங்க வேண்டும் என்றார் பெரியவர்.

அதுதான் சரி என்று முடிவாயிற்று. விலையைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் சுருங்கியது. பெயின்டுக்கே கையிருப்பெல்லாம் போயிருந்தது.

"அடுத்த மாசச் சம்பளத்துல வாங்கிக்கறேன்மா. அதுவரைக்கும் இந்த ஸ்லிக்கையே மாட்டி..."

அவன் முடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவனே நிறுத்திவிட்டான். அடுத்த லோடு, அடுத்த மாசம், எல்லாம் ஒன்றுதானே? வீட்டுக்குப் போய் என் சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். நான்கு டயருக்கும் சரியாக இருந்தது. அப்பா கையில் அன்றைக்கு யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

பழைய ஸ்லிக் இரண்டும் கார் ஷெட்டுச் சுவரில் தொங்குகின்றன. என்றைக்காவது பந்தயப் பாதையில் ஓட்டுவதானால், புதிதாக வார்த்த ஸ்லிக்கைத் தனிச் சக்கரத்தில் பூட்டி எடுத்துப்போய் அங்கே மாட்டிக்கொள்வது என்று ஏற்பாடு.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. காலையில் நல்ல வெயில். கார் எடுத்துக்கொண்டு போனான். மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். என்னவர்கூட பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தான். கூரையில்லாத கார் அல்லவா, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டியது. துண்டை எடுத்துத் தலை துவட்டினேன்.

"சிக்னல்ல ஒருத்தன் திடீர்னு குறுக்கே வந்துட்டான்மா. பிரேக்கை மிதிச்சேன்" என்றான்.

துவட்டிய கை நின்றுவிட்டது.

"வண்டி நின்னுச்சும்மா" என்றான்.

சகோதரிகளே, நம் வீட்டில் ஹாட் ராட் இல்லாமல் இருக்கலாம். ஸ்கூட்டர் இருக்கிறது, கார் இருக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் போகிற வேன் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 3523 என்றால் 2023-ஆம் வருஷத்தின் 35-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ஆறு வருஷத்துக்கு மேலான டயரை மாற்றிவிடுங்கள் என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. ஓடாமல் இருந்தாலும் சரி. கார் டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே குட்டிப் பாலம் மாதிரி 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், அந்த டயரின் ஆயுசு முடிந்தது. பக்கவாட்டில் வெடிப்பு கண்டாலும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

இன்று சாயங்காலம் வண்டி வாசலில் வந்து நின்றதும் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாற்ற வேண்டியிருந்தால் மட்டும், அடுத்த மாசம் என்று சொல்ல விடாதீர்கள்.