குறைதீர் வகுப்பு: குறை யாருடையது?

52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று விடை எழுதும் குழந்தைகளைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அனைவரும் அறிவர். அது கவனக்குறைவால் நேர்ந்த பிழையன்று. 2-இலிருந்து 7 போகாது. ஆகவே 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடலாம் என்று அக்குழந்தை தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டிருக்கிறது. சிவப்பு மையால் தவறு என்று குறியிட்டால் அவ்விதி மாறாது. அதே கணக்கைப் பத்து முறை எழுதச் சொன்னால் மேலும் உறுதிப்படும். இவ்விடைக்கு எவ்வழியே வந்தாய் என்று குழந்தையிடம் கேட்டறியும் இடத்தில்தான் குறைதீர் கற்பித்தல் தொடங்குகிறது.

நடைமுறையிலோ அவ்வகுப்பு பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் முளைக்கிறது. தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டுவதற்கான வினாக்கள் மனப்பாடம் செய்விக்கப்படுகின்றன. காலையில் புரியாத பாடமே மாலையில் உரத்த குரலில் திரும்ப ஒலிக்கிறது. 'மெல்லக் கற்போர்' என்ற பட்டியலில் ஏறிய பெயர் எளிதில் இறங்குவதில்லை.

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்று இந்நாட்டிலேயே இருக்கிறது. 'பிரதம்' அமைப்பு வடோதராவிலும் மும்பையிலும் நடத்திய பால்சகி திட்டத்தில், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் கற்றல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததைக் காட்டிற்று. ஆயினும் திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபோது அப்பயனில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அக்குழந்தைகள் திரும்பிச் சென்றது, பாடநூலை முடிப்பதையே இலக்காகக் கொண்ட பழைய வகுப்பறைக்குத்தானே!

2022-ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி, ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைப் படிக்க வல்லோர் 42.8 விழுக்காட்டினரே. பாதிக்கும் மேற்பட்டோர் பின்தங்கியிருக்கும்போது, குறையைத் தனித்தனிக் குழந்தையின் அறிவில் தேடுவது முறையாகாது. முன்வரிசை மாணவரின் வேகத்துக்கு ஏற்ப வகுக்கப்பட்ட பாடத்திட்டத்துக்கும் அதில் பங்குண்டு.

எனவே குறைதீர் வகுப்புக்கு இரு கடமைகள் உள்ளன. குழந்தை எப்படியில் நிற்கிறதோ அங்கிருந்து கைபிடித்து ஏற்றுவது ஒன்று. எத்தனை பேர், எந்தப் பாடத்தில், ஏன் தடுக்கி விழுந்தனர் என்பதை முதன்மை வகுப்பறைக்குத் தெரிவிப்பது மற்றொன்று. இரண்டாவது கடமை கைவிடப்படும் பள்ளியில், ஆண்டுதோறும் அதே படியில் புதிய குழந்தைகள் விழுந்துகொண்டே இருப்பர். குறைதீர் வகுப்பும் ஓயாது நடந்துகொண்டே இருக்கும்.