மலைச்சுப் போன கதை

கண்டிப் பக்கத்துத் தமிழர் வாயில் ‘மலைச்சுப் போயிட்டேன்’ என்ற சொல் வராத நாள் குறைவு. சந்தையில் கரட் விலை கேட்டவர் மலைச்சுப் போவார். மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த வீட்டில், சந்தோஷத்தோடு சந்தோஷமாக, “செலவுக்கு என்ன செய்யிறதுன்னு மலைச்சுப் போய் நிக்கிறோம்” என்பார்கள். காணி உறுதிக்காகக் கச்சேரிக்கு அலைந்தவர், “எந்தக் கதவத் தட்டுறதுன்னே தெரியல, மலைச்சுப் போச்சு” என்று படியில் உட்கார்ந்துவிடுவார்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கியபோது, பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: மலையிலிருந்து. அதை மிக அழகாகச் சொன்னவர், கலஹா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கொழுந்தெடுத்து ஓய்ந்த ஓர் அம்மாயி. “நம்ம ஆளுங்க மன்னார்ல எறங்கி, காடு மேடெல்லாம் நடந்து, மாத்தளை தாண்டி வந்து இந்த மலைய அண்ணாந்து பாத்தாங்கல்ல மவனே, அப்ப மலைச்சுப் போனவங்கதான். இன்னும் தெளியல” என்றார். அவருடைய விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஊறிக் கிடந்தது.

சொன்னதில் வரலாறு இருக்கிறது. ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பி பயிரிட்டது 1820களில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டுதான். அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையும், அதற்கு மேலும் நடந்தே வந்தார்கள். வழியில் கொலராவுக்கும் பசிக்கும் விழுந்தவர்களின் கணக்கு முழுதாக யாரிடமும் இல்லை. அப்படி நடந்து வந்த கால்களின் கதையாக ஒரு சொல்லைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஆனால் சொல்லைப் பேச்சில் வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. மலையே கண்ணில் படாத யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் ‘மலைச்சுப் போனான்’ என்கிறார்கள். மலையைத் தினமும் பார்க்கும் நாங்களோ ஹந்தானையைப் பார்த்து மலைப்பதில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைகூட ‘அடேயப்பா’ என்றுதான் வாய் பிளக்கிறது. மலைப்பதற்குப் பெரிய பொருள் ஒன்று மட்டும் போதாது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வேண்டும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். அந்த வாரம் லயத்து வாசல்களில் கேட்ட சொல் இதுதான். 340 பெரிய எண் என்பதற்காக யாரும் மலைக்கவில்லை. 1,000 ஒரு பக்கம், 340 ஒரு பக்கம், நடுவே அடுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் மேலே யோசிக்க வழியில்லாமல் போனது.

பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை விரித்தபோது இந்த எண்ணத்துக்குப் பிடி கிடைத்தது. அங்கே ‘மலை’ என்ற வினைக்கு எதிர்த்தல், பொருதல், மாறுபடுதல், மயங்குதல் என்ற பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. சங்கப் பாடல்களில் மலைதல் என்றால் போரிடுதல். (பூச்சூடுவதற்கும் அதே வினைதான். போருக்குப் போகிறவன் பூவை மலைந்து போய்ப் பகையை மலைந்திருக்கிறான்.) போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற சொல், பிறகு கருத்துகள் எதிரெதிரே நிற்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. அதற்குத் தெளிவான சாட்சி தண்டியலங்காரம். 12ஆம் நூற்றாண்டு நூல் என்று கொள்ளப்படும் அது, செய்யுளில் வரக்கூடாத வழுக்களைச் சொல்லும்போது இட மலைவு, கால மலைவு, கலை மலைவு, உலக மலைவு, நியாய மலைவு, ஆகம மலைவு என்று ஆறு மலைவுகளைக் கூறுகிறது. கண்டிச் சரிவில் பனங்கூடல் அசைந்தது என்று எழுதினால் அது இட மலைவு. உண்மையோடு சொல் முட்டிக்கொள்வதுதான் மலைவு.

தண்டியலங்காரத்துக்கு மூலம் வடமொழிக் காவியாதர்சம். அங்கே ‘விரோதம்’ என்று நின்ற சொல்லுக்குத் தமிழில் தேர்ந்தெடுத்ததுதான் ‘மலைவு’. 

மலைத்தலுக்கு நெருக்கமாகத் தோன்றும் மரத்தலும் விறைத்தலும் வேறு வழியில் வந்தவை. பேராதனைப் பல் வைத்தியசாலையில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவரிடம் கேளுங்கள். வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, “பாதி மொகம் விறைச்சுக் கெடக்கு” என்பார். விடியற்காலைப் பனியில் கொழுந்தெடுக்கிற கை விறைத்துப் போகும். லொறியில் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப் போகும். இவை உடம்பில் பிறந்து மனசுக்கு ஏறிய சொற்கள். அதனால்தான் ஒரே ஆண்டில் இரண்டு சாவு கண்ட வீட்டில், “மனசு மரத்துப் போச்சு” என்று சொல்ல முடிகிறது. சிங்கள நண்பர்கள் அதிர்ந்து நின்றவனை ‘கல் கெஹில’ என்பார்கள், கல்லாகிவிட்டான் என்று. அதுவும் உடம்பைச் சொல்லி மனசைக் காட்டுகிற வழிதான்.

மலைப்பு மட்டும் உடம்புக்கு இறங்குவதே இல்லை. ‘கால் மலைச்சுப் போச்சு’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மரத்தவனுக்கு உணர்ச்சி போய்விட்டது. மலைத்தவனுக்கு உணர்ச்சி, அறிவு, கணக்கு எல்லாம் விழித்தே இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று பொருந்தாததால் அவன் நின்றுவிட்டான். அந்த நிலைக்கென்று தமிழ் இப்படி ஒரு தனிச் சொல்லை வைத்திருப்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை. இன்று கண்டிப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘ஷொக் ஆயிட்டேன்’ என்கிறார்கள். பல் ஊசிக்கும் அதே, பரீட்சை முடிவுக்கும் அதே. அந்த வேறுபாடு கைவிட்டுப் போவது எனக்கு வலிக்கிறது.

அம்மாயி சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. கடல் தாண்டி ஆள் சேர்க்கப் போன கங்காணிகள் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள் என்பது மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. அதைக் கேட்டு வந்தவர்கள் கண்டது ஒடுங்கிய லயக் காம்பராவும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களமும். கூட்டி வந்த செலவும் கொடுத்த முன்பணமும், வேலையில் கை வைக்கும் முன்பே, பேர் பேராகக் கடன் கணக்கில் ஏறியிருந்தன. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அதை ஏற்றுக் கட்டும் துரை கிடைத்தால்தான் ஆள் நகரலாம். சம்பாதிக்க வந்தவர் கடனாளியாகத் தொடங்கினார். அவர்களை மலைக்க வைத்தது கண்ட மலை அல்ல, கேட்ட பேச்சும் கண்ட கணக்கும். துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது 1921இல். சின்னப்பிட்டியில் முதல் கோப்பிக் கன்று ஊன்றி ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு.