நாற்பத்தெட்டு மடைக்கு அப்பால்

ராமநாதபுரத்துக்கு வடக்கே இருக்கிறது ஆர்.எஸ். மங்கலம். விரித்துச் சொன்னால் ராஜசிங்கமங்கலம். பாண்டிய மன்னன் பெயரைச் சுமக்கிற ஊர். வெளியூர்க்காரர் வந்தால் முதலில் கண்மாயைத்தான் காட்டுவார்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பது அதன் பட்டப்பெயர். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம்!

மடைத் தண்ணீர் பாயும் வயல் நெல்லுக்கு. அது எட்டாத புஞ்சையில் முண்டு மிளகாய்.

புரட்டாசியில் புழுதி உழவு ஓட்டி, விதையை நேரே தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை தரும் ஈரம்தான் பாசனம். மழை பொய்த்தால் செடி வாடும். அடித்துப் பெய்து தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இரண்டுக்கும் தப்பினால் தை, மாசியில் பழம் பறிக்கத் தொடங்கலாம்.

பறித்த பழத்தை உடனே காயப்போடுவதில்லை. ஓரிரு நாள் குவித்து வைத்தால் செங்காயும் நிறம் ஏறிவிடும். அப்புறம்தான் களத்தில் பரப்பல். பங்குனியில் களத்து ஓரம் நடந்தால் தும்மாமல் போக முடியாது. காய்கிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் வத்தல் வெளுத்து சோடையாகிவிடும்; விலையும் இறங்கும்.

நல்ல முண்டு வத்தல் குட்டையாய், உருண்டையாய், தடித்த தோலோடு கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலக்கும். அந்த விதையில்தான் இதன் மதிப்பு. வீரிய ஒட்டு ரகம் என்றால் வருஷா வருஷம் கடைக்குப் போக வேண்டும். முண்டு நாட்டு ரகம். களத்து வத்தலே அடுத்த வெள்ளாமைக்கு விதை. ஆனால் பக்கத்தில் நீள மிளகாய் நின்றால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் வரப்போரச் செடியை விட்டு, நடு வயலில் நோயில்லாமல், உருண்டை மாறாமல் காய்த்த செடியிலிருந்து விதைக்குப் பழம் எடுப்பது நல்லது.

2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மாவட்டத்துப் பெயர் அதனுடன் சட்டப்படி சேர்ந்துகொண்டது.

புரட்டாசி பிறந்ததும் நெல்லுக்காரர் மடையைப் பார்ப்பார். மிளகாய்க்காரருக்குப் பார்க்க இரண்டே உண்டு: வீட்டில் விதை மூட்டை, வெளியே வானம்.