ஆப்போ தீவில் மீனுக்கும் காவல் உண்டு!

புதன்கிழமையாகப் பார்த்துப் போனால் மலாடபாய் சந்தையையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் நீக்ரோஸ் தீவில், டுமகெட்டி நகரத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கடலை ஒட்டிய மர நிழலில் மாடு, ஆடு, கருவாடு, பாய், அரிவாள் என்று சகலமும் விற்கிற சந்தை. ஒரு பக்கம் முழுப் பன்றியை மூங்கிலில் கோத்துத் தணலில் திருப்பிக்கொண்டிருப்பார்கள். பொள்ளாச்சிச் சந்தையை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து கடற்கரையில் வைத்ததுபோல இருக்கும்.

சந்தை முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. மணலில் வரிசையாகப் படகுகள். இரண்டு பக்கமும் மூங்கில் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் இந்த 'பங்கா' படகைத் தூரத்திலிருந்து பார்த்தால் குளத்தில் ஓடும் நீர்ப்பூச்சி மாதிரி தெரியும். அதில் ஏறி அரை மணி, முக்கால் மணி போனால் ஆப்போ தீவு. நடுவில் நீரோட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. செல்போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளும்படி படகுக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. நனையாமல் கரையேறுகிறவர்கள் குறைவு.

எரிமலையால் உண்டான தீவு இது. முக்கால் சதுர கிலோமீட்டர்கூட முழுசாக இராது. இரண்டு குன்றுகள், ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பள்ளிக்கூடம், தென்னை மரங்களுக்கு நடுவே நெருக்கமாக வீடுகள். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். குடிதண்ணீர் பெரும்பாலும் நீக்ரோஸிலிருந்து படகில்தான் வரவேண்டும். மின்சாரம் நெடுங்காலம் வரை மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டரின் தயவில்தான் இருந்தது. இறங்கியவுடன் கைலி மாதிரியான வண்ணத் துணிகளையும் டி-ஷர்ட்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். விலை பேசலாம். சிரித்துக்கொண்டே பேசினால் குறைப்பார்கள்.

ஆனால் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் இங்கே வருவது துணி வாங்க அல்ல. கரையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முகத்தை முக்கினால் போதும், கடல் ஆமைகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒன்றிரண்டு அல்ல. மாடு புல் மேய்வதுபோல நிதானமாக, பக்கத்தில் வந்து நிற்கும் மனிதரைச் சட்டை செய்யாமல் கடற்புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பச்சை ஆமைகள். தொடக்கூடாது, துரத்தக்கூடாது, மேலே ஏறி நின்று படம் எடுக்கக்கூடாது. மீறினால் கரையிலிருந்து ஒரு குரல் வரும்.

அந்தக் குரல்தான் இந்தத் தீவின் கதை.

'பந்தாய் டாகாட்' என்பார்கள். பந்தாய் என்றால் காவல், டாகாட் என்றால் கடல். கடல் காவல். பிலிப்பைன்ஸின் கடலோர ஊர்கள் பலவற்றில் இந்தப் பெயரில் தொண்டர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மீனவர்கள். பகலில் தூண்டில் போடுகிறவர், இரவில் முறை வந்தால் டார்ச் லைட்டோடு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில ஊர்களில் சிறு தொகை கொடுப்பார்கள், சில ஊர்களில் அரிசி கொடுப்பார்கள், சில ஊர்களில் அதுவும் இல்லை. படகுக்கு டீசல் போட யார் காசு கொடுப்பது என்பது எல்லா ஊரிலும் தீராத வழக்கு.

எதைக் காவல் காக்கிறார்கள்?

1970களில் ஆப்போவைச் சுற்றி நான்கு விதமான கேடுகள் நடந்துகொண்டிருந்தன. முதலாவது வெடி. பாட்டிலில் வெடிமருந்தை அடைத்து, திரி வைத்து, மீன் கூட்டத்தின் மேல் எறிவது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 'தோட்டா' என்று ஒரே வார்த்தையில் புரிந்துகொள்வார்கள். வெடித்த இடத்தில் மீன் மட்டும் சாவதில்லை. பல நூறு ஆண்டுகளாக வளர்ந்த பவளப்பாறையும் சல்லியாகிவிடும். செத்த மீன்களில் ஒரு பகுதிதான் மிதக்கும், மற்றவை அடியில் போய் அழுகும்.

இரண்டாவது சயனைடு. தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீன்களைப் பிடிக்கப் பாறை இடுக்கில் விஷத்தைப் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கும், பிடித்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் பவளம் செத்து வெளுக்கும். மூன்றாவது கொசுவலை மாதிரி சின்னக் கண் உள்ள வலை. நான்காவதுதான் கேட்கவே வயிற்றைக் கலக்குவது. 'முரோ அமி' என்று பெயர். கல் கட்டிய கயிறுகளோடு ஒரு கூட்டம் வரிசையாக நீந்திக்கொண்டே கல்லைப் பாறைமேல் இடித்து இடித்து மீனை வலைக்குள் விரட்டும். நீந்தியவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 1986ல் அரசு இதைத் தடை செய்தது.

விளைவு என்ன? வீட்டு வாசலில் இருந்த மீன் காணாமல் போனது. தீவுக்காரர்கள் பத்து கிலோமீட்டர் வரை படகு தள்ளிப்போய்த் தூண்டில் போட்டார்கள். பிழைக்க வழி இல்லாதபோது அவர்களில் சிலரும் வெடியைக் கையில் எடுத்தார்கள். எல்லாக் கேட்டையும் வெளியூர்க்காரன் தலையில் கட்டிவிட முடியாது.

இந்த நேரத்தில்தான் டுமகெட்டியின் சில்லிமான் பல்கலைக்கழகத்திலிருந்து ஏஞ்சல் அல்காலா வந்தார். கடல் உயிரியல் பேராசிரியர். இதற்கு முன்பே, 1974ல், சூமிலோன் என்ற இன்னொரு குட்டித் தீவில் கடலின் ஒரு பகுதியை மீன் பிடிக்காமல் மூடிவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தவர். 1979 முதல் அவரும் பல்கலைக்கழகத்தாரும் ஆப்போவுக்கு வந்துபோனார்கள். 'கொஞ்சம் இடத்தைச் சும்மா விடுங்கள், மீதி இடத்தில் மீன் கூடும்' என்று சொன்னால் பசியோடு இருப்பவர் எப்படி நம்புவார்? இருக்கிற இடமே போதவில்லை, அதிலும் ஒரு துண்டை விடு என்றால்? சண்டைதான் வரும்.

அல்காலா வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மீனவர்களைச் சூமிலோனுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். மூடிய பகுதியின் விளிம்பில் எவ்வளவு மீன் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பேச்சு நீண்டது. மூன்று ஆண்டுகள் பேசி, 1982ல் பதினான்கு குடும்பங்கள் சரி என்றன. பதினான்குதான். தீவின் தென்கிழக்குக் கரையில் 450 மீட்டர் நீளத்துக்கு ஓர் இடத்தைக் குறித்தார்கள். தீவைச் சுற்றியுள்ள பாறைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதைக் காக்க நாளுக்கு ஒருவர் கரையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். வேலியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு மனிதர், இரண்டு கண்கள்.

மூன்றே ஆண்டுகளில் மற்ற குடும்பங்களும் சேர்ந்தன. காரணம் பிரசங்கம் அல்ல, மீன். காப்பிடத்தில் பெருத்த மீன் எல்லை தாண்டி வெளியே வந்தது. 1985ல் நகராட்சி இதைச் சட்டமாகவே ஆக்கியது. தீவைச் சுற்றித் தூண்டில், மூங்கில் கூடு, பெரிய கண் வலை, மூச்சடக்கி மூழ்கி ஈட்டியில் குத்துவது, இவை மட்டுமே அனுமதி. காப்பிடத்துக்குள் இவையும் கூடாது.

அதே நேரத்தில் சூமிலோனில் நடந்தது வேறு. 1984 வாக்கில் அங்கே உள்ளூர் அரசியல் மாறியது, காவல் குலைந்தது, எல்லோரும் உள்ளே புகுந்து பிடித்தார்கள். இடம் கூடியதால் மீன் கூடியிருக்க வேண்டும் அல்லவா? இரண்டே ஆண்டுகளில் மொத்த மீன்பிடி சுமார் பாதியாகச் சரிந்தது. ஆப்போக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடத்தை எந்தப் பேராசிரியராலும் நடத்தியிருக்க முடியாது. ஆப்போவின் காப்பிடத்திலோ, 1983லிருந்து 2001 வரை எண்ணிப் பார்த்ததில் பாரை மீன்களும், வாலடியில் கத்தி முள் வைத்திருக்கும் மீன் வகையும் எடைக் கணக்கில் மூன்று மடங்காயின. பாரையை அந்த ஊர் மொழியில் 'மம்சா' என்பார்கள். தீவின் ஒரு முனைக்கே மம்சா முனை என்று பெயர். அங்கே மூழ்கிப் பார்ப்பவர்களைச் சில நேரம் நூற்றுக்கணக்கான பாரைகள் வெள்ளிச் சுவர்போலச் சுற்றிக்கொள்ளும்.

காவலின் நடைமுறை வெளியிலிருந்து பார்க்கச் சப்பென்று இருக்கும். பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடக்காது. தூரத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது யாருடைய படகு என்று யோசிக்கவேண்டும். நிற்கிறதா, நகர்கிறதா, வெளிச்சம் வழக்கத்தைவிடப் பெரிதா? கரையோர நீரில் 15 கிலோமீட்டர் வரை நகராட்சியின் கடல். மூன்று டன்னுக்கு மேற்பட்ட வணிகப் படகுகளுக்கு அங்கே பொதுவாக இடமில்லை. சந்தேகம் வந்தால் போன், இல்லையென்றால் வாக்கிடாக்கி. போலீஸ், கடலோரக் காவல்படை, நகராட்சி மூவரில் யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களிடம் இடம், நேரம், படகின் நிறம், எண். 1998ல் வந்த மீன்வளச் சட்டம், பயிற்சி பெற்ற மீனவர் சங்க உறுப்பினர்களை எழுத்துமூலம் துணைக் காவலர்களாக நியமிக்க வழி செய்தது.

கரையிலும் ஒரு காவல் உண்டு. வெடியில் செத்த மீன் வெளியே பளபளவென்று இருக்கும். வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்து, ரத்தம் கட்டி, முள் நொறுங்கிக் கிடக்கும். மீன் நறுக்கிப் பழகிய கைகளை ஏமாற்ற முடியாது.

சொல்வதற்குச் சுலபமாகத் தெரிகிற இன்னொன்றுதான் உண்மையில் மிகக் கடினம். சின்னத் தீவு. எல்லோரும் எல்லோருக்கும் உறவு. இருட்டில் எல்லைக்குள் வந்த படகில் மச்சானோ சித்தப்பாவோ இருந்தால்? புகார் கொடுத்தால் நாளைக்குக் கல்யாண வீட்டில் எப்படி முகம் பார்ப்பது? கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் எல்லோரும் வருவார்கள். நம் சோழமண்டலக் கரையில் மீனவர் பஞ்சாயத்துகள் வலைக்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு வைத்து, மீறினால் அபராதம் போடுவது வழக்கம். சுருக்குமடி வலையை வைத்து ஊருக்கு ஊர் மூண்ட பகையும் தெரிந்ததுதான். கடலில் பிடிபடுகிறவர் பெரும்பாலும் அன்னியர் அல்ல என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

வெளியார் என்றால் ஆபத்து வேறு மாதிரி. ஆப்போவிலிருந்து அதிக தூரமில்லாத செபு நகரத்தின் பந்தாய் டாகாட் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோஜோ டெ லா விக்டோரியா. சட்டத்தை மீறும் படகுகளை விடாமல் பிடித்தவர். 2006 ஏப்ரலில் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். கடலில் ஒரு பெரிய படகை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிற ஒவ்வொரு தொண்டருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

ஆப்போவுக்கு வேறொரு சிக்கல் நல்ல பெயரால் வந்தது. 1994ல் மத்திய அரசு தீவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அதுவரை தீவுக்காரர்களும் நகராட்சியும் பார்த்துக்கொண்ட பொறுப்பு ஒரு நிர்வாகக் குழுவுக்குப் போனது. பயணிகள் கொடுக்கும் கட்டணம் மணிலா வழியாகச் சுற்றி, நான்கில் மூன்று பங்கு திரும்பி வரவேண்டும். வந்தது, ஆனால் தாமதமாக. 'காவல் காப்பது நாங்கள், கணக்குப் பார்ப்பது அவர்கள்' என்ற மனக்குறை தீவில் வளர்ந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதினான்கு குடும்பங்கள் தொடங்கியதற்கு மேலிருந்து முத்திரை குத்தும்போது, கீழே இருப்பவரின் கை தளர்வதும் உண்டு.

பிறகு புயல்கள். 2011 டிசம்பரில் ஒன்று, ஏறத்தாழ ஓராண்டு கழித்து 2012 டிசம்பரில் இன்னொன்று. முப்பது ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகக் காத்த அந்த 450 மீட்டர் பவளம் அலைகளால் புரட்டியடிக்கப்பட்டு, பெரும்பகுதி சல்லிக் குவியலானது. வெடி செய்யாததைக் காற்று செய்தது. தீவு முழுவதிலும் அந்தப் பக்கம்தான் அதிகம் அடிவாங்கியது. காப்பிடத்துக்குள் பயணிகள் இறங்கக்கூடாது என்று மூடினார்கள்.

மூடிய இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பிறகு எதற்குக் காவல் என்று யாராவது கேட்டிருக்கலாம். ஆனால் காவல் நிற்கவில்லை. உடைந்த பவளத்தில் ஒட்டிப் புதுப் பவளம் முளைக்கவேண்டுமானால், பாறையில் படரும் பாசியை மேய்கிற மீன்கள் அங்கே இருக்கவேண்டும். அந்த மீன்களை யாரும் பிடிக்காமல் இருக்கவேண்டும். கணக்கு அவ்வளவுதான். மேற்குப் பக்கத்தில் பவளம் தப்பியிருந்ததால் ஆமைகளும் பயணிகளும் அங்கே தொடர்ந்தார்கள்.

அல்காலா 2014ல் நாட்டின் உயரிய 'தேசிய விஞ்ஞானி' பட்டம் பெற்றார். 2023ல், 93 வயதில் மறைந்தார். சூமிலோன் படகுப் பயணம் போய்வந்த தலைமுறையும் இன்று தாத்தாக்கள். பேரப்பிள்ளைகளில் சிலர் பயணிகளுக்குக் கடலடி வழிகாட்டிகள், சிலர் டுமகெட்டியில் படிக்கிறார்கள், சிலர் தாத்தா மாதிரியே தூண்டிலோடு.

பகலில் வந்து பகலிலேயே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஓர் இரவு தங்கினால் நல்லது. சாயங்காலம் கடைசிப் படகு போனதும் தீவு சட்டென்று அமைதியாகிவிடும். அன்று பிடித்த மீனை வினிகர், இஞ்சி, வெங்காயம், பச்சை மிளகாயில் ஊறவைத்து, அடுப்பில் ஏற்றாமலே 'கினிலாவ்' என்று தட்டில் வைப்பார்கள். தயங்காமல் சாப்பிடலாம். சாப்பிட்டுவிட்டுக் கரைக்கு வந்தால் தூரத்தில் நீக்ரோஸின் விளக்குகள் தெரியும். கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படகு வெளிச்சம். அவற்றில் ஒன்று சற்று அதிக நேரம் ஒரே இடத்தில் நின்றால், இருட்டில் யாரோ எழுந்து நின்று டார்ச்சை அந்தப் பக்கம் அடிப்பது தெரியும்.