காதால் வாசிக்கப்படும் சட்டம்

கூடுவாஞ்சேரியில் இலக்கியம் பேசுவதற்கென்று எங்களுக்கு ஒரு மொட்டைமாடி வாய்த்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆறேழு பேர் கூடுவோம். ஊரப்பாக்கத்திலிருந்தும் பொத்தேரியிலிருந்தும் மின்ரயிலில் வருகிறவர்கள் உண்டு. நந்திவரத்திலிருந்து நடந்தே வருகிறவர்களும் உண்டு. அப்படி நடந்து வருகிறவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்களுக்கு அவர் வாத்தியார் ஐயா. இளவயதிலேயே பார்வையை இழந்தவர். எங்களில் எவரையும்விட அதிகம் படித்தவர், படித்ததை மறக்காதவர். ஏதேனும் ஒரு கதையின் முடிவு எங்களுக்கு நினைவில் தடுமாறினால் அவரைத்தான் கேட்போம்.

ஒரு மாலை அவர் வழக்கத்துக்கு மாறாக முன்னதாகவே வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். "தம்பி, இதைக் கொஞ்சம் வாசியுங்கள். மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல்" என்றார். நீதிமன்ற அழைப்பாணை அது. பாகப்பிரிவினை வழக்கு. வழக்குத் தொடுத்தவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன். வீட்டில் அவருக்கு வரும் கடிதங்களையெல்லாம் வாசித்துக் காட்டுகிறவர் அந்த அண்ணனின் மகன். அழைப்பாணை வந்து பன்னிரண்டு நாட்கள் கழித்துத்தான் அது எங்கள் கைக்கு வந்தது. பையன் எதையும் மறைக்கவில்லை. "ஏதோ நிலத்துக் காகிதம் சித்தப்பா" என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டான். அவ்வளவுதான். ஆனால் உரிமையியல் வழக்கில் எதிர்வாதவுரை தாக்கல் செய்ய, அழைப்பாணை சார்பு செய்யப்பட்டதிலிருந்து முப்பது நாட்கள்தாம். அதற்கு மேல் நீதிமன்றம் இசைந்தால்தான் தொண்ணூறு வரை நீளும். அந்த முப்பதில் பன்னிரண்டு, மேசைமேல் கழிந்துவிட்டன.

இதை அவருடைய இசைவுடனும், அவர் மாற்றச் சொன்ன விவரங்களை மாற்றியும் எழுதுகிறோம்.

எங்களுக்கு அப்போது ஒரு பெருமிதம் இருந்தது. 2006-இல் நாங்கள் சிலர் சேர்ந்து, இரண்டு வழக்குரைஞர் நண்பர்களின் துணையுடன், எளிய தமிழில் சட்டச் செய்திகளைத் தரும் ஒரு சிறு இணையத்தளத்தைத் தொடங்கியிருந்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்த புதிது. எப்படி விண்ணப்பிப்பது என்று ஊரில் பலரும் கேட்டார்கள். அதிலிருந்து பட்டா மாறுதல், ஜீவனாம்சம், நுகர்வோர் புகார், பாகப்பிரிவினை என்று பக்கங்கள் பெருகின. "நம் தளத்திலேயே எல்லாம் இருக்கிறதே, ஐயா. கைப்பேசியில் திறந்து பாருங்கள்" என்றோம்.

அவர் திறந்தார். அவருடைய கைப்பேசி திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும். விரலால் தடவிக்கொண்டே போனார். "படம். படம். பெயரிடப்படாத பொத்தான். இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும். இங்கே சொடுக்கவும்." எங்கள் முகப்பில் பதினோரு 'இங்கே சொடுக்கவும்' இருந்தன என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது. ஒருவழியாகப் பாகப்பிரிவினைக் கோப்பைத் திறந்ததும் கைப்பேசி எந்த மொழியிலும் சேராத ஓர் ஒலியை எழுப்பியது. எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்தார். "ஆர், எல், அரைப்புள்ளி, எல், கே, அரைப்புள்ளி" என்றது. நாங்கள் திரையை எட்டிப் பார்த்தோம். 'சட்டம்' என்ற சொல் அழகாக, தடித்த எழுத்தில் நின்றுகொண்டிருந்தது.

இதன் காரணம் தமிழ்க் கணினி வரலாற்றில் இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்டோம். அவற்றில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தை. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. கண் போர்வையைப் பார்க்கிறது. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்பதுகூட ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவே. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தாம், தாப் என்ற குறியீட்டு முறைகளைப் பரிந்துரைத்தது; தஸ்கி தனிவழி சென்றது; 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. குறியீட்டுச் சண்டைகள் உச்சத்தில் இருந்த காலத்தில் நாங்களும் ஒரு பக்கம் நின்று காரசாரமாக வாதிட்டவர்கள்தாம். அந்த வாதங்களில் எல்லாம் கண்ணை மட்டுமே நினைத்தோம். காதால் வாசிக்கிற ஒருவர் இருக்கிறார், அவருக்குக் குறியீடுதான் மொழி என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. அவர் ஒவ்வொரு வாரமும் எங்களோடு அதே மாடியில் உட்கார்ந்திருந்தும்.

அன்றிரவே வழக்குரைஞர் நண்பர் ஒருவரைப் பிடித்து வாத்தியாரின் அவசரத்தைத் தீர்த்தோம். தளத்தைத் தீர்க்க ஐந்து மாதங்கள் ஆயின.

முதல் கூட்டத்தில் எங்களில் ஒருவர் நேர்மையாகவே கேட்டார்: "நம் தளத்துக்குப் பார்வையற்றவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? இத்தனை உழைப்பு தேவையா?" கேள்வியை யாரும் பழிக்கவில்லை. எங்கள் எல்லார் மனத்திலும் அது இருந்தது. 1999-இல் புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர், சிட்னி ஒலிம்பிக் தளத்தைத் தம்மால் வாசிக்க இயலவில்லை என்று முறையிட்டபோது, அமைப்புக் குழுவும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னது: செய்வதற்குப் பெருஞ்செலவாகும் என்று. மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை; 2000-ஆம் ஆண்டில் இருபதாயிரம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கச் செய்தது. விளையாட்டுச் செய்திக்கே அந்த நியாயம் என்றால், முப்பது நாள் கெடு வைத்துவிட்டுக் காத்திருக்கும் சட்டத்துக்கு என்ன நியாயம்?

நம் நாட்டிலும் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நீதிமன்றங்களை அணுகும் உரிமையையும், அரசின் பொது ஆவணங்கள் அணுகத்தக்க வடிவில் இருக்கவேண்டும் என்பதையும் சொல்கிறது. 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் உள்ளவை அணுகத்தக்க வடிவில் கிடைக்கவேண்டும் என்கிறது. ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அமிலவீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும், கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சரிபார்ப்பைத் தாண்ட முடியாமல் தொடுத்த வழக்குகள் அவை. தீர்ப்பை வழங்கிய இருவர் அமர்வில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதியரசர் ஆர்.மகாதேவனும் ஒருவர்.

நீதித்துறையின் சொந்த வாசல் திறக்கவும் காலம் பிடித்தது. உரிமையியல் நீதிபதிப் பணிக்குப் பார்வைக்குறைபாடு ஐம்பது விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற தமிழகத்தின் வரையறையை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சரியென்றது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் குறைகண்டது. 2025 மார்ச் 3 அன்று, பார்வையின்மையைக் காரணமாக்கி நீதித்துறைப் பணியை மறுக்க இயலாது என்று அறுதியிட்டது. பார்வையற்ற ஒருவர் நீதிபதியாக அமரலாம் என்றால், அவர் படிக்கவேண்டிய ஆவணங்களும் அவருடைய காதுக்கு எட்டுபவையாக இருந்தாகவேண்டும்.

இனி எங்கள் பணி. உலகளாவிய வலை அமைப்பின் அணுகல்தன்மை நெறிகள் 1999-இல் முதல் வடிவம் பெற்றவை. 2008-இல் வந்த இரண்டாம் வடிவம் நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது. புலனுக்கு எட்டவேண்டும், இயக்க இயலவேண்டும், விளங்கவேண்டும், எந்தக் கருவியிலும் நிற்கவேண்டும். நடைமுறையில் இதன் பொருள் மிக எளியது. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, தலைப்பு என்று குறிக்கவேண்டும். அப்போதுதான் காதால் வாசிப்பவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். படத்துக்கு மாற்றுரை வேண்டும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும். எங்கள் வெளிர்சாம்பல் எழுத்து அதில் தோற்றது. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே எல்லாம் நடக்கவேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு அதுவே வழி.

சோதிப்பதற்குச் செலவேதும் இல்லை. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கிறது. திரையை அணைத்துவிட்டு எங்கள் தளத்தை நாங்களே கேட்டோம். அந்த அனுபவத்தை எழுத்தாளர்கள் எல்லாருக்கும் பரிந்துரைக்கிறோம்.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற மென்பொருள் உதவியது. வருடிய தாள்களை எழுத்தாக்குவதுதான் கடினம். எழுத்துணரி 30-ஐ 80 என்று படித்தது. ஓரிடத்தில் 'கூடாது' என்ற சொல்லையே விழுங்கிவிட்டது; சட்டம் தலைகீழாயிற்று. ஆகவே ஒருவர் மூலத்தைப் பார்க்க, வாத்தியார் புதியதைக் கேட்க, வரிவரியாக ஒப்பிட்டோம். இடையில் பழைய குற்றவியல் சட்டங்களுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் புதியவை நடைமுறைக்கு வந்திருந்ததால், பிரிவு எண்களும் மாறியிருந்தன. ஊரே அறிந்த 420, பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகியிருந்தது.

எங்களுக்குப் பெரும் பாடம் மொழியில்தான் கிடைத்தது. "தம்பி, இந்த வாக்கியம் எங்கே முடிகிறது?" என்று வாத்தியார் கேட்டபோது எண்ணிப் பார்த்தோம். ஐம்பத்து மூன்று சொற்கள். கண்ணால் படிப்பவர் குழம்பினால் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்வார். காதுக்கு அந்த வசதி இல்லை. "அடைப்புக்குறியை அது சொல்வதில்லை" என்றார் பிறிதொரு நாள். 2(1)(அ) என்று நாங்கள் எழுதியது அவருக்கு 'இரண்டு ஒன்று அ' என்று கேட்டது. 'பிரிவு 2, உட்பிரிவு 1, கூறு அ' என்று மாற்றினோம். எளிய தமிழில் எழுதுகிறோம் என்று பதினைந்தாண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்மையில் எளிமையாக எழுதக் கற்றது அந்த ஐந்து மாதங்களில். மாற்றங்களுக்குப் பின், பார்வையுள்ள வாசகர்களும் முன்பைவிட நன்றாகப் புரிகிறது என்று எழுதினார்கள்.

செய்யாதவையும் உண்டு. சைகைமொழியையே முதல் மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அவர்களுக்கான காணொளி எங்களிடம் இல்லை. 2023 செப்டம்பரில் செவித்திறன் குன்றிய வழக்குரைஞர் சாரா சன்னி, சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையுடன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார் என்பதைத் தளத்தில் எழுதினோம். அதைச் சைகையில் சொல்ல எங்களால் இயலவில்லை. அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களுக்கான சிறு வாக்கியப் பக்கங்கள் இப்போதுதான் இரண்டு வந்திருக்கின்றன.

வாத்தியார் முதலில் தாமாக வாசித்த பக்கம் இலவசச் சட்ட உதவி பற்றியது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் அந்த உரிமையைத் தருகிறது. 15100 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம். முப்பதாண்டுகளுக்கு மேலாக இருக்கும் உரிமை. எங்கள் தளத்திலும் பல்லாண்டுகளாக இருந்தது, வருடிய தாளாக. அவர் அடுத்த வாரம் மின்ரயிலேறித் தனியாகச் செங்கல்பட்டுக்குப் போய்வந்தார்.

முன்பெல்லாம் அவருடைய ஓய்வூதியக் கணக்கு, மருத்துவச் சீட்டு, உறவினர் கடிதம் எல்லாமே எங்களுக்குத் தெரியும். நாங்கள்தானே வாசித்துக் காட்டினோம். உதவுகிறோம் என்று நினைத்தோம். ஒரு மனிதர் தம் அந்தரங்கம் ஒவ்வொன்றையும் பிறர் குரலில் கேட்டுக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று நாங்கள் கேட்டதில்லை.

சென்ற ஞாயிறு அவர் வந்திருந்தார். காதுப்பொறியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அன்றைய கதையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.