உயர் நீதிமன்றம் முதல் மண்ணடி வரை

சென்னை மெட்ரோவின் நீல வழித்தடத்தில் சென்ட்ரலைத் தாண்டியதும் வருவது உயர் நீதிமன்றம் நிலையம். அதற்கடுத்தது மண்ணடி. ரயில் இந்தத் தூரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிறது. அதையே மேலே தெருக்களின் வழியாக நடந்து கடக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் வேண்டியிருந்தது. ஓரிடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் இன்னோரிடத்தில் ஊன்றி நின்ற கதைகள் இந்தச் சிறு நிலப்பரப்பில் குவிந்து கிடப்பதுபோல் சென்னையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஆலந்தூரில் ஏறினேன். சின்னமலை வரை வானமும் மொட்டைமாடிகளும் கூடவே வந்தன. பிறகு ரயில் மண்ணுக்குள் இறங்கியது. சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை என்று அறிவிப்புக் குரல் மட்டும்தான் ஊரைச் சொன்னது. எதிர் இருக்கையில் கட்டைப்பை நிறையத் துணி மாதிரிகளை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோடவுன் தெருவில் மொத்த விலைக்குப் புடவை எடுத்துப் பல்லாவரத்தில் வீட்டிலேயே விற்கிறார்களாம். “முன்னெல்லாம் பஸ்ல போய்த் திரும்பறதுக்குள்ள பொழுதே போயிடும். இப்போ பசங்க ஸ்கூல்லேருந்து வர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துடறோம்” என்றார் மூத்தவர். ஏஜி-டிஎம்எஸ்ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரையிலான சுரங்கப் பகுதி திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 10 அன்று. அந்தப் பத்துக் கிலோமீட்டர் பாதை யாருக்கு என்ன செய்தது என்பதற்கு அந்தப் பையைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

உயர் நீதிமன்றம் நிலையத்தில் கண்ணாடிக் கதவுகள் திறக்க, இறங்கினேன். நகரும் படிக்கட்டில் மேலே வரவர குளிர்ச்சி குறைந்து இரைச்சல் கூடியது. வாசலில் நின்றிருந்த காவலர் பெண், “சார், பூக்கடைப் பக்கமா, பாரிமுனைப் பக்கமா?” என்று கேட்டார். இரண்டு பக்கமும் போக வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே இடது கைப்பக்கம் காட்டினார்.

வெளியே வந்ததும் கண்ணில் படுவது உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள். 1892இல் திறக்கப்பட்ட கட்டடம். இந்தோ-சாரசெனிக் பாணி என்று பாடப்புத்தகத்தில் படித்ததெல்லாம் இங்கே செங்கல்லாக நிற்கிறது. இதன் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. வளாகத்துக்குள்ளேயே அதற்கும் முந்தைய 1844ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் உயரமான கல்தூணாக நிற்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் கவனமெல்லாம் அந்தக் கட்டடம் நிற்கும் தரையின் மேல்தான் இருந்தது.

அந்தத் தரையில் ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரைத் துண்டு கிடைத்த பிறகு கோட்டை எழுந்தது. துணி வாங்க வந்த கம்பெனிக்கு நெசவாளர், சாயக்காரர், வண்ணார், துபாஷிகள் எல்லோரும் தேவைப்பட்டார்கள். அவர்கள் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டிக் குடியேறினார்கள். வெள்ளையர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது மதிலுக்கு அருகிலிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் தரைமட்டமாக்கினார்கள். பகைவன் வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுடக்கூடாது, கோட்டைப் பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அங்கிருந்த மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். அந்தப் புதிய கறுப்பர் நகரத்துக்குத்தான் 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டினார்கள். காலியான வெளியில் நூறாண்டுக்கும் மேல் கழித்து நீதிமன்றம் எழுந்தது.

வெட்டவெளியின் எல்லை எது, இதற்கு மேல் கட்டக்கூடாது என்று காட்டக் கம்பெனி 1773இல் தூண்கள் நட்டது. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் இப்போது மிச்சம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி நிற்கிறது. 1788இல் இங்கே வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரை ஊரே சொல்கிறது. அந்தத் தூணையோ அதைக் கடந்து போகிற ஆயிரக்கணக்கானவர்களில் எவரும் நின்று பார்ப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை பாரிமுனையில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். நூறாண்டுக் குடியிருப்பு ஒன்று அழிக்கப்பட்டதற்கு, கண்ணால் காணக்கூடிய அடையாளம் அது.

இடிபட்டதில் கோயிலும் உண்டு. இன்றைய நீதிமன்ற வளாகத்தில் இருந்த சென்ன கேசவப் பெருமாள் கோயிலை எடுத்துவிட்டு வேறிடமும் ஈடும் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டிய புதிய கோயில், சாலையைக் கடந்தால் பூக்கடைப் பக்கம், தேவராஜ முதலித் தெருவை ஒட்டி இருக்கிறது. பக்கத்திலேயே சென்ன மல்லீசுவரர். இரண்டையும் சேர்த்துப் பட்டணம் கோயில் என்பார்கள். கண்ணாடிக் கடைகளுக்கும் பூஜைச் சாமான் கடைகளுக்கும் நடுவே வாசல் ஒளிந்திருக்கிறது. மீன்பாடி வண்டியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்தவர், “ஓரம் போ சார், ஓரம் போ!” என்று குரல் கொடுத்தபடியே, கோயில் எங்கே என்று நான் கேட்டதற்கு முகவாயாலேயே திசை காட்டிவிட்டுப் போனார். உள்ளே போனால் தெருச் சத்தம் பாதியாகக் குறைகிறது. நகரத்தின் பெயரையே தாங்கிய பெருமாள், தானும் வீடு மாறி வந்தவர்.

தம்புச் செட்டித் தெருவின் காளிகாம்பாளும் அப்படித்தான். முதலில் கோட்டைப் பக்கம் இருந்து பின்னர் இங்கே வந்ததாகக் கோயில் வரலாறு சொல்கிறது. விசுவகர்ம சமூகத்தார் பேணிவரும் கோயில். 1677இல் மராட்டிய சிவாஜி இங்கே வந்து வணங்கினார் என்பதும், ‘சுதேசமித்திர’னில் வேலை பார்த்த நாட்களில் பாரதி இந்தச் சந்நிதிக்கு வருவார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுபவை. நான் போன நேரத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட இளம் வழக்கறிஞர் ஒருவர் கையில் கட்டுக்கட்டாகக் காகிதங்களோடு கண்மூடி நின்றிருந்தார். அன்றைக்கு அவருக்கு முக்கியமான வழக்கு இருந்திருக்க வேண்டும்.

அரண்மனைக்காரத் தெரு என்று உள்ளூரார் சொல்லும் ஆர்மீனியன் தெருவில் கூட்டம் இன்னும் அடர்த்தி. நடுவே வெள்ளைச் சுவரும் கனமான மரக்கதவும். அதைத் தாண்டினால் 1772இல் மறுபடி கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம். முற்றத்துத் தரையெங்கும் கல்லறைக் கற்கள். தேவாலயத்திலிருந்து விலகித் தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். நாடிழந்து பாரசீகம் வழியாக வணிகத்துக்கு வந்தவர்கள் ஆர்மீனியர்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறை இந்த வளாகத்திலேயே இருக்கிறது. தாய்நாட்டில் முடியாத ஒன்றைச் செய்ய அவர்களுக்கு நம் ஊர் இடம் கொடுத்திருக்கிறது என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது.

அவர்கள் ஊருக்குத் திருப்பிக் கொடுத்ததும் குறைவில்லை. காலையில் நான் ரயிலில் கடந்துவந்த அதே அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726இல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலை உச்சிக்குப் படிகள் அமைத்ததும் அவரே. இப்போது அங்கிருப்பது புதிய பாலம். ஆனாலும் தெற்கிலிருந்து சென்னைக்குள் நுழைகிற வழியை முதலில் ஒழுங்கு செய்தவர், பல்லாயிரம் மைல் தள்ளி வேர்கொண்ட ஒருவர். இன்று அந்தச் சமூகத்தார் சென்னையில் ஏறக்குறைய இல்லை. வளாகத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, “ஃபோட்டோ எடுத்துக்கோப்பா, கல்லை மட்டும் மிதிக்காதே” என்றார். எல்லாம் மிதித்துத்தான் நடக்க வேண்டிய கற்கள். இயன்றவரை சுற்றி நடந்தேன்.

பசி எடுத்தது. பாரிமுனைப் பக்கம் திரும்பி ராஜாஜி சாலைக்கு நடந்தேன். பர்மா பஜார் என்றால் என் தலைமுறைக்குக் கால்குலேட்டரும் டேப் ரெக்கார்டரும். இப்போது செல்போன் உறைகளும் சார்ஜர்களும். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்கள் பிழைக்க 1969இல் உருவான கடைவீதி இது.

தள்ளுவண்டி ஒன்றில் அத்தோ சாப்பிட்டேன். இதைப் பற்றி நிதானமாகச் சொல்லத்தான் வேண்டும். மஞ்சளும் செம்மையுமான தடித்த நூடுல்ஸ் ஒரு பிடி. மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸும் வெங்காயமும். பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை. தட்டுவடை போன்ற பேஜோவை அதன் மேல் நொறுக்கிக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். புளிப்பும் மொறுமொறுப்பும் காரமும் ஒரே வாயில் சேர்கின்றன. சுவையில் பர்மா, புளியும் வாழைத்தண்டும் நம்முடையவை. இந்த ஒரு தட்டுக்காகவே பாரிமுனைக்கு வரலாம்.

கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. “இன்னும் கொஞ்சம் பேஜோ நொறுக்கிப் போடவா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். “அஞ்சு வயசுல கப்பல்ல வந்தேன். அம்மா கழுத்துல இருந்ததக்கூடக் கழட்டி வாங்கிட்டுத்தான் ஏத்துனாங்க. இங்க வந்து இறங்குனா எங்க மொழியே ஊர் பூரா பேசுறாங்க, ஆனா ஒருத்தரையும் தெரியாது. அம்மா இதத்தான் செஞ்சு வித்தாங்க. எனக்கும் இதுதான் தெரியும்.” சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தட்டெடுத்தார். அவர் குரலில் வருத்தம் தெரியவில்லை. எனக்குத்தான் சற்று நேரம் பேச வரவில்லை.

அங்கிருந்து பவளக்காரத் தெருவுக்குப் போனேன். பவள வணிகத்துக்காக ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் ஒரு காலத்தில் வாழ்ந்த தெரு. பின்னாளில் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரின் விடுதிகள் இங்கே இருந்தன. செட்டிநாட்டிலிருந்து ரங்கூன் கப்பலுக்குப் புறப்பட்டவர்கள் தங்கிச்சென்ற தெருவுக்கும், ரங்கூனிலிருந்து துரத்தப்பட்டவர்கள் தள்ளுவண்டி போட்ட சாலைக்கும் நடந்தே போய்விடலாம்.

கடைசியாகப் பிராட்வே. இப்போது பிரகாசம் சாலை. சைமன் கமிஷனை எதிர்த்து 1928இல் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிக்கு முன்னால் மார்பைக் காட்டி நின்ற ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயர். அதற்கு முன் பொப்ஹாம் பிராட்வே. முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே கழிவுநீர் தேங்கிய ஒரு பள்ளம் கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பொப்ஹாம் என்ற வழக்கறிஞர் அதை வாங்கி, நீரை வடித்து, மேடாக்கித் தெருவாக மாற்றினார். பழைய பள்ளத்தின் வழியில்தான், இன்னும் ஆழத்தில், மண்ணடியை நோக்கி இன்றைய மெட்ரோ ஓடுகிறது.

இரும்புச் சாமான் கடைகள், அத்தர் வாசனை, மாலைத் தொழுகைக்கு நடக்கிறவர்கள், டீக்கடை வாசலில் பாரம் இறக்கிவிட்டுத் துண்டால் முகம் துடைக்கும் தொழிலாளிகள். மண்ணடி நிலையத்தின் வாசலுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்புகளின் மேல் சீப்பு, பூட்டு, உள்ளாடை, ஊதுவத்தி, பழைய புத்தகம். இந்த நடைபாதை வியாபாரிகளால் நடக்க இடமில்லை என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு. நடப்பது சிரமம் என்பதை நானும் அன்று அனுபவித்தேன். ஆனால் காலையில் ரயிலில் பார்த்த புடவைக்காரப் பெண்களும் அத்தோ கடைக்காரரும் நிற்கிற அதே வரிசையில்தான் இவர்களும் நிற்கிறார்கள்.

பாரிமுனைக்கு இனி எத்தனையோ திட்டங்கள் வரும். வரட்டும், சாலைக்கு அகலமும் நடப்பவர்களுக்கு நிழலும் வேண்டியவைதான். வரைபடம் போடுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நடைபாதை வியாபாரிக்கான இடத்தை முதலிலேயே அந்த வரைபடத்தில் குறித்துவிடுங்கள். வேலை முடிந்த பிறகு தேடிக் கொடுக்கலாம் என்று விட்டால் அந்த இடம் கிடைக்காது.