தேகு மதுச்சாலையும் எச்சூர் பந்தலும்

2024 செப்டம்பரில் எச்சூர் போராட்டப் பந்தலுக்குப் போனேன். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் அந்த மாதம் 9ஆம் தேதியிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம், சம்பள உயர்வு, எட்டு மணி நேர வேலை என்பவை கோரிக்கைகள். அந்த நிறுவனத்தின் தொடக்ககாலப் பணம் அரிசி மதுவிலும் ஊறியது என்று சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர்கள் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

லீ பியுங்-சுல் 1938இல் கொரியாவின் தேகு நகரில் சாம்சங் என்ற பெயரில் கடை வைத்தார். உலர்மீனும் பழமும் நூடுல்ஸும் விற்ற கடை. மறு ஆண்டே ஜப்பானியர் நடத்திவந்த சோசன் மதுச்சாலையை வாங்கினார். கொரியாவில் மது வடிப்பது வீட்டுப் பெண்களின் கைவேலையாக இருந்தது. ஜப்பானிய ஆட்சி 1909லும் 1916லும் மதுவரிச் சட்டங்களைப் போட்டு, 1934இல் வீட்டு வடிப்பை அடியோடு நிறுத்தியது. அடுப்படியில் இருந்த தொழில் உரிமம் பெற்ற ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கொரிய முறையில் அரிசியை ஊறவைத்து ஆவியில் வேகவைத்து ஆற்றுவார்கள். கோதுமையை இடித்து வட்டமாகத் தட்டிப் பூஞ்சை படரவிட்ட நுருக் என்ற புளிப்பூட்டியைத் தண்ணீரோடு கலப்பார்கள். பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே பானையில் அதே வேளையில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயச் சத்தாக்கும். சூடு ஏறினால் புளித்துக் கெடும், குறைந்தால் அப்படியே நின்றுவிடும். நுரை பொங்கும் சத்தத்தையும் மணத்தையும் வைத்தே பக்குவம் சொல்லும் ஆட்கள் வேண்டும். தெளிவாக வடித்தால் சொங்ஜு, கலங்கலாகப் பிழிந்தால் மக்கொல்லி.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த, ஃபிரிட்ஜ் கதவு பொருத்தும் இளைஞர் ஒருவர் சொன்னார்: "ரப்பர் சரியா உக்காந்துச்சான்னு கை சொல்லிடும்ணா, பார்க்கவே வேணாம்." அந்தக் கைப்பழக்கத்துக்கு நேரம் வேண்டும். ஒரு பொருளை 10 முதல் 15 விநாடிக்குள் முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்பது சங்கத்தின் புகார். வட்டாரச் சராசரியைவிட நல்ல சம்பளம் தருகிறோம் என்பது நிர்வாகத்தின் பதில்.

நான் முக்கியமாகச் சொல்லப் போனது 1950இல் நடந்ததை. லீ தேகு மதுச்சாலையைத் தன் ஆட்களிடம் விட்டுவிட்டு 1947இல் சியோலுக்குப் போய்ப் பெரிய வணிகம் தொடங்கியிருந்தார். 1950இல் கொரியப் போர் வந்தது. சியோல் விழுந்தது, சரக்கெல்லாம் பறிபோனது. அந்த ஆண்டு டிசம்பரில் வெறுங்கையோடு தேகுவுக்குத் திரும்பினார். மதுச்சாலையை நடத்திக்கொண்டிருந்தவர்கள், அவர் இல்லாத காலத்தில் கணக்குத் தவறாமல் சேர்த்த 30 கோடி வொன்னை அவர் முன் வைத்தார்கள். 1951 ஜனவரியில் புசானில் சாம்சங் மீண்டும் எழுந்தது அந்தப் பணத்தில்தான். எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் போர்க்காலத்தில் கேட்க ஆளில்லை.

ஊழியரின் நேர்மையால் பிழைத்த அதே நிறுவனம் பல பத்தாண்டுகள் தொழிற்சங்கம் கூடாது என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. நிறுவனரின் பேரன் லீ ஜே-யோங் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். அதற்குப் பிறகும் சுங்குவார்சத்திரத்தில் சங்கத்துக்காக 37 நாள் வெளியே உட்கார வேண்டியிருந்தது. இது எனக்கு ஏற்க முடியாத முரண்.

வேலைநிறுத்தம் அக்டோபர் நடுவில் முடிந்தது. உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரி 27இல் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் பதிவானது. அந்தச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: தேகு மதுச்சாலை ஆட்களின் கதையைத் தமிழில் சிறு நூலாகப் போட்டு, ஆலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.